வயித்துல குழந்தை வளர்ச்சி கம்மின்னு சொல்லிட்டாங்க: இப்பவே எடுக்கறதா, காத்திருக்கறதா, எங்க பெத்துக்கறது?

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மெடிக்கல்ல நல்ல கூட்டம், ஒரு தம்பி ஸ்கேன் கவரோட வந்து நின்னாரு, மருந்து வாங்க இல்ல. "அக்கா, என் வைஃபுக்கு 32 வாரம், குழந்தை வளர்ச்சி கம்மியா இருக்கு, தொப்புள்கொடியில ரத்த ஓட்டம் சரியில்லன்னு எழுதியிருக்காங்க, சீக்கிரம் எடுக்க வேண்டி வரும்ங்கறாங்க, எங்கம்மா என்னடான்னா எட்டாம் மாசம் எடுத்தா குழந்தை தங்காது இன்னும் ஒரு மாசம் ஓட்டிடலாம்ங்கறாங்க, நீங்க சொல்லுங்க"ன்னு கேட்டாரு. பின்னாடி நாலு பேர் சீட்டோட நிக்கறாங்க. அந்த நேரத்துல என்னால சொல்ல முடிஞ்சது "இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க, வீட்ல வச்சு யோசிக்காதீங்க"ங்கறது மட்டும்தான். மீதிய இங்க எழுதறேன், அவர மாதிரி இன்னொருத்தர் கவரோட நிக்கறப்ப உதவும்.

நான் டாக்டர் இல்ல, பி.ஃபார்ம் முடிச்சுட்டு பத்து வருஷமா மருந்துக்கடையில நிக்கறவ. நாலு வருஷம் முன்னாடி என் தங்கச்சிக்கு இதே பிரச்சனை வந்துச்சு, அவ கூட ஆஸ்பத்திரியில இருந்தது நான்தான், ராத்திரி தூக்கம் வராம வராண்டாவுல உட்காந்து போன்லயே ஒவ்வொரு ஆய்வா படிச்சதும் நான்தான். அதனால இதுல எதை எதோட ஒப்பிட்டு பாக்கணும்னு எனக்கு ஒரு தெளிவு இருக்கு, அதைத்தான் சொல்றேன், உங்க டாக்டர் சொல்றதுக்கு பதிலா இல்ல, அவங்ககிட்ட என்ன கேக்கணும்னு தெரிஞ்சுட்டு போறதுக்கு.

முதல்ல ஒரு குழப்பத்த தீத்துக்கணும். குழந்தை சின்னதா இருக்கறது வேற, வளர்ச்சி தடைபட்டு இருக்கறது வேற. அம்மா குள்ளம், அப்பா ஒல்லி, குழந்தையும் சின்ன உடம்பாவே வளருது, ஒவ்வொரு ஸ்கேன்லயும் அதே கோட்டு மேல ஒழுங்கா ஏறிட்டே வருது, பனிக்குடத் தண்ணி சரியா இருக்கு, ரத்த ஓட்டம் சரியா இருக்குன்னா அது சின்னக் குழந்தை, அவ்வளவுதான், அதுக்கு பயந்து சீக்கிரம் எடுக்க வேண்டியதில்ல. இன்னொரு வகை, நல்லா வளர்ந்துட்டு வந்த குழந்தை திடீர்னு கோட்டை விட்டு கீழ இறங்கும், தலை வளரும் வயிறு வளராது, ஏன்னா கல்லீரல்ல சேத்து வைக்க சத்து வரல, வர்ற கொஞ்ச ரத்தத்தையும் குழந்தை மூளைக்கு அனுப்பிக்குது. இதுதான் ஐயூஜிஆர், இப்ப எஃப்ஜிஆர்னு எழுதறாங்க. எந்த சார்ட்டை வச்சு அளக்கறாங்கங்கறதுலயும் வித்தியாசம் வரும், பல சென்டர்ல பழைய அமெரிக்க சார்ட்டுதான் மெஷின்ல இருக்கும், 2014ல வந்த இன்டர்குரோத்-21 சார்ட் எட்டு நாட்டு அம்மாக்கள வச்சு போட்டது, அதுல நம்ம நாக்பூரும் ஒண்ணு, ஒரே குழந்தை ஒண்ணுல பத்து பர்சன்டைலுக்கு (நூறு குழந்தைய எடைப்படி நிக்க வச்சா கீழ இருந்து எத்தனாவதுங்கற கணக்கு) கீழயும் இன்னொண்ணுல மேலயும் வரலாம். அதனால எடைய மட்டும் வச்சு முடிவு எடுக்காதீங்க, அந்த எடையே ஸ்கேன்ல கணக்கு போட்டு சொல்றதுதான், பத்து பதினஞ்சு சதவீதம் முன்ன பின்ன இருக்கும்.

முடிவு எடுக்க உதவறது ரெண்டே ரெண்டு, எத்தன வாரம், டாப்ளர்ல (ரத்த ஓட்டத்த பாக்கற ஸ்கேன்) என்ன. ரிப்போர்ட்டோட ஒரு கறுப்புப் படம் குடுப்பாங்க, அதுல கோபுரம் கோபுரமா அலை இருக்கும், அதை எடுத்து பாருங்க. ஒவ்வொரு கோபுரமும் குழந்தையோட ஒரு இதயத்துடிப்பு. ரெண்டு கோபுரத்துக்கு நடுவுல உள்ள பள்ளம் அடிக்கோட்ட தொடாம கொஞ்சம் மேலயே இருக்கணும், அப்படின்னா இதயம் ஓய்வெடுக்கற நேரத்துலயும் நஞ்சுக்கு (நஞ்சுக்கொடி, பிளசென்டா) ரத்தம் போய்கிட்டு இருக்குன்னு அர்த்தம். பள்ளம் ஆழமாகிட்டே வந்தா நஞ்சுல தடை கூடுது. பள்ளம் அடிக்கோட்டையே தொட்டுட்டா அந்த நேரத்துல ஓட்டமே இல்ல. கோட்டுக்கு கீழ போயிட்டா ரத்தம் பின்னாடி திரும்பி வருது. என் தங்கச்சி படத்துல கோபுரத்துக்கு கோபுரம் நடுவுல ஒண்ணுமே இல்ல, வெறும் கறுப்பு. ஸ்கேன் பண்ண டாக்டரம்மா பேனா முனையால அந்த கறுப்ப தொட்டு காட்டி "இங்க ஏதாவது இருக்கணும்மா"ன்னு சொன்னது இன்னும் கண்ணுலயே நிக்குது. நஞ்சுல பாதிக்கு மேல வேலை செய்யாம போனாத்தான் அலை இந்த நிலைக்கு வரும்ங்கறத பின்னாடிதான் படிச்சேன்.

அவ கதைய சுருக்கமா சொல்லிடறேன். 28 வாரத்துல டவுன்ல ஒரு நர்சிங் ஹோம்ல பாத்தப்பவே குழந்தை சின்னதா இருக்குன்னு சொன்னாங்க, ஆனா டாப்ளர் பாக்கல, புரோட்டீன் பவுடர் எழுதி குடுத்து, தண்ணி நிறைய குடி, இடது பக்கமா படு, ஒரு மாசம் கழிச்சு வான்னு அனுப்பிட்டாங்க. வளைகாப்பு முடிச்சு ஊருக்கு கூட்டிட்டு வந்தோம். 31 வாரத்துல அசைவு கம்மியா இருக்குன்னு அவளே சொன்னதால வேற சென்டர்ல பாத்தோம், எடை 1,090 கிராம், கொடியில ஓட்டம் இல்ல. அந்த மூணு வாரத்த நினைச்சா எனக்கு இன்னும் ஆத்திரம் வருது. சந்தேகம் வந்த அன்னைக்கே டாப்ளர் பாக்க சொல்லி கேளுங்க, அடுத்த ஸ்கேன் ரெண்டு வாரத்துக்கு மேல தள்ளிப் போகக் கூடாது.

சரி, இப்பவே எடுக்கறதா காத்திருக்கறதா. இந்தப் பக்கம் பாத்தா வயித்துக்குள்ள வச்சா ஒரு நாள் பொழுது விடியறப்ப இதயத்துடிப்பு இல்லாம போகலாம். அந்தப் பக்கம் பாத்தா வெளிய எடுத்தா நுரையீரல் முதிராம, குடல் முதிராம, மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சு போகலாம். இத ஊகத்துக்கு விடாம ஐரோப்பாவுல 13 நாட்டுல 69 ஆஸ்பத்திரி சேந்து ஒரு ஆய்வு பண்ணாங்க, கிரிட்னு பேரு, எடுக்கலாமா வேண்டாமான்னு டாக்டருக்கே நிச்சயம் இல்லாத கேஸுங்கள மட்டும் எடுத்து பாதிப் பேருக்கு உடனே, பாதிப் பேருக்கு முடிஞ்ச வரைக்கும் தள்ளி. 588 குழந்தைங்க. உடனே எடுத்ததுல வயித்துலயே இறந்தது 2, தள்ளிப் போட்டதுல 9. பிறந்த பிறகு இறந்தது உடனே எடுத்ததுல 27, தள்ளிப் போட்டதுல 18. கூட்டிப் பாத்தா 29க்கு 27, கிட்டத்தட்ட சமம். இந்தக் கணக்க நான் எத்தன தடவ திருப்பித் திருப்பி பாத்தேன்னு தெரியல. அவசரப்பட்டா வெளிய இழக்கறோம், தள்ளிப் போட்டா உள்ள இழக்கறோம். ஆனா ரெண்டு வயசுல பாத்தப்ப 31 வாரத்துக்கு முன்னாடி ஆய்வுல சேந்த குழந்தைங்கள்ல ஊனம் உடனே எடுத்த பக்கம் 13 சதவீதம், தள்ளிப் போட்ட பக்கம் 5 சதவீதம். அதாவது 31 வாரத்துக்கு கீழன்னா, அவசரம்னு உறுதியா தெரியாத வரைக்கும் ஒவ்வொரு நாளும் லாபம்.

அப்ப எந்த அடையாளம் வந்தா நிறுத்தணும்? அதுக்கு அடுத்து வந்தது ட்ரஃபிள், 2005ல இருந்து 2010 வரைக்கும் 20 ஐரோப்பிய சென்டர், 26ல இருந்து 32 வாரத்துக்குள்ள 503 அம்மாக்கள். இதயத்துடிப்பு கிராஃபை மட்டும் வச்சு முடிவெடுக்கறது ஒரு பக்கம், குழந்தையோட கல்லீரல் வழியா இதயத்துக்கு ரத்தம் கொண்டு போற டக்டஸ் வீனோசஸ்ங்கற சின்ன நாளத்துல ஓட்டம் மாறற வரைக்கும் பொறுக்கறது இன்னொரு பக்கம். மொத்தத்துல 92 சதவீதம் குழந்தைங்க பொழைச்சாங்க, சராசரியா ஒரு கிலோதான் எடை, அத நினைச்சுப் பாருங்க. நாளத்துல தெளிவா மாற்றம் தெரியற வரைக்கும் காத்திருந்த பக்கத்துல, பொழைச்ச குழந்தைங்கள்ல ரெண்டு வயசுல மூளை வளர்ச்சி நல்லா இருந்தது 95 சதவீதம், கிராஃபை மட்டும் நம்புன பக்கத்துல 85. ஆனா கவனிங்க, காத்திருந்தவங்களுக்கும் கிராஃப் தினமும் ஓடிட்டேதான் இருந்துச்சு, அதுல கெட்டா உடனே எடுத்துட்டாங்க. கம்ப்யூட்டரே கணக்கு போடற அந்த மெஷின் நம்ம ஊர்ல எல்லா இடத்துலயும் கிடையாது. அதனால "ஐரோப்பாவுல காத்திருந்தாங்க, நாமளும் வீட்ல காத்திருக்கலாம்"னு எடுத்துக்கவே கூடாது. காத்திருக்கறதும் ஒரு வைத்தியம்தான், அந்த வைத்தியம் ஆபரேஷன் தியேட்டர் இருக்கற கட்டடத்துக்குள்ள நடக்கணும்.

இப்ப பெரும்பாலான டாக்டருங்க பின்பத்தற கணக்கு ஏறக்குறைய இதுதான். கொடியில தடை கொஞ்சம் கூடியிருக்கு ஆனா ஓட்டம் இருக்குன்னா வாரம் ஒண்ணு ரெண்டு தடவ பாத்துட்டே 37 வாரம் வரைக்கும் கொண்டு போகப் பாப்பாங்க. ஓட்டம் நின்னு போச்சுன்னா அட்மிட் பண்ணி 33, 34 வாரம் வரைக்கும். திரும்பி வருதுன்னா 30, 32 வாரத்துக்கு மேல பொறுக்க மாட்டாங்க. டக்டஸ் வீனோசஸ் கெட்டுட்டா, இல்ல இதயத்துடிப்பு விழ ஆரம்பிச்சுட்டா, அப்ப வாரம் பாக்கறது இல்ல, பொழைக்கற வயசு வந்திருச்சுன்னா எடுத்துருவாங்க. இதுக்கு நடுவுல அம்மாவுக்கு பிரஷர் ஏறிட்டா, நஞ்சு சரியில்லாத கேஸுல அது அடிக்கடி சேந்தே வரும், தலைவலி, கண்ணு மங்கறது, மேல் வயித்து வலின்னு ஆரம்பிச்சா குழந்தைக்காக காத்திருக்கற பேச்சே அப்புறம்தான், அம்மா உயிர்தான் முதல்ல.

அந்தத் தம்பியோட அம்மா சொன்ன எட்டாம் மாசக் கதைக்கு வரேன். ஏழு மாசக் குழந்தை பொழைக்கும் எட்டு மாசக் குழந்தை பொழைக்காதுன்னு நம்ம ஊர்ல எல்லா வீட்லயும் சொல்லுவாங்க, எங்கம்மாவும் சொன்னாங்க. இது உண்மை இல்ல. 34 வாரக் குழந்தை 30 வாரக் குழந்தைய விட எல்லா விதத்துலயும் பலமானது, நுரையீரல், சப்பிக் குடிக்கற திறன், உடம்புச் சூடு எல்லாத்துலயும். பெரியவங்க மனச நோகடிக்க வேண்டாம், "எட்டாம் மாசம் அதுவா பிறக்கல அத்தை, உள்ள சோறு தண்ணி போகல, அதான் வெளிய எடுத்து ஊட்டப் போறோம்"னு சொல்லுங்க. எங்கம்மாவுக்கு இப்படி சொன்னப்பதான் புரிஞ்சுச்சு.

எடுக்கறதுன்னு முடிவாகறதுக்கு முன்னாடியே கேக்க வேண்டியது ரெண்டு ஊசி. ஒண்ணு நுரையீரல் முதிர்றதுக்கு போடற ஸ்டீராய்டு, 34 வாரத்துக்கு கீழ, நம்ம ஊர்ல டெக்ஸாமெத்தசோன் 6 மில்லிகிராம் 12 மணி நேரத்துக்கு ஒண்ணா நாலு, இல்ல பீட்டாமெத்தசோன் 12 மில்லிகிராம் ஒரு நாள் இடைவெளியில ரெண்டு. கடையில பாத்தா சில ரூபாய் மருந்து. 2020ல உலக சுகாதார நிறுவனம் இந்தியாவும் சேத்து அஞ்சு நாட்டுல 29 ஆஸ்பத்திரியில பண்ண ஆய்வுல, இந்த ஊசி போட்டவங்க குழந்தைங்க 28 நாளுக்குள்ள இறந்தது 19.6 சதவீதம், போடாதவங்களது 23.5. நூறு குழந்தையில கிட்டத்தட்ட நாலு உயிர். ரெண்டாவது மெக்னீசியம் சல்ஃபேட், 32 வாரத்துக்கு கீழ எடுக்கறதுன்னா மூளையக் காப்பாத்தறதுக்கு, ஏத்தறப்ப உடம்பெல்லாம் தீயா எரியற மாதிரி இருக்கும், பயந்துராதீங்க. ஸ்டீராய்டு வேலை செய்ய ஒரு நாளாவது வேணும், அதனாலதான் சொல்றேன், வீட்ல உட்காந்து குடும்பமே ரெண்டு நாள் விவாதம் பண்றது இந்த ஊசிக்கான நேரத்தத்தான் தின்னுது.

இன்னொரு பக்கம், இதெல்லாம் 36 வாரத்துக்கு அப்புறம் தெரிய வந்தா கணக்கே வேற. நெதர்லாந்துல டிஜிடாட்னு ஒரு ஆய்வு, 2010ல வந்துச்சு, 650 பேர், வலி வரவழைச்சு எடுக்கறதா அதுவா வலி வர்ற வரைக்கும் காத்திருக்கறதான்னு. குழந்தைக்கு பிரச்சனை 5.3 சதவீதம், 6.1 சதவீதம், சிசேரியன் 14.0, 13.7, ரெண்டுமே ஒண்ணுதான். காத்திருந்தவங்க குழந்தை சராசரியா 130 கிராம் கூட இருந்துச்சு, பத்து நாள் காத்திருந்து 130 கிராம். ஆனா பிரஷர் வந்தது காத்திருந்த பக்கம்தான் அதிகம். வலி வரவழைச்சா சிசேரியன்லதான் முடியும்னு பயப்படறவங்களுக்கு இந்த எண்ணிக்கைய காட்டுங்க. என் கருத்து கேட்டா, எடை 3 பர்சன்டைலுக்கு கீழ இருந்தாலோ டாப்ளர் கொஞ்சம் கெட்டிருந்தாலோ 37 வாரம் தொட்டதும் எடுத்துடலாம், 3க்கும் 10க்கும் நடுவுல, எல்லா ஓட்டமும் நல்லா இருக்குன்னா 38, 39 வரைக்கும் பொறுக்கலாம், நாள் நட்சத்திரம் பாத்து ரெண்டு நாள் அப்படி இப்படி தள்றதுக்கு மட்டும் இது இடமில்ல.

நிறைய பேர் யோசிக்காம விடற முடிவு எங்க பெத்துக்கறதுங்கறது, என்னைக் கேட்டா உயிர் போறதும் நிக்கறதும் இதுலதான் அதிகம். தலைப்பிரசவம் அம்மா வீட்லதான்னு வளைகாப்பு முடிஞ்சதும் ஊருக்கு கூட்டிட்டு வந்துருவோம், அங்க பக்கத்துல இருக்கறது ஒரு நர்சிங் ஹோம், டாக்டரம்மா நல்லவங்க, எங்களையெல்லாம் பிரசவம் பாத்தவங்க, ஆனா ஒண்ணேகால் கிலோ குழந்தைக்கு அங்க ஒரு வார்மரைத் தவிர எதுவும் இல்ல. அங்க பெத்துட்டு குழந்தைய ஆம்புலன்ஸ்ல அனுப்பிக்கலாம்னு சொல்லுவாங்க. 108ல பச்சக்குழந்தைக்குன்னே தனி வண்டி இருக்கு, நல்ல வசதி, ஆனா அது வேற வழி இல்லாதவங்களுக்கு. சின்ன உடம்பு வழியிலேயே குளிர்ந்து போகும், சர்க்கரை இறங்கும், மூச்சுக்குழாய் அசையும். வயித்துல வச்சு கூட்டிட்டு போறத விட பாதுகாப்பான இன்குபேட்டர் இன்னும் யாரும் கண்டுபிடிக்கல. பிறந்த குழந்தைங்களுக்கான ஐசியு இருக்கற கட்டடத்துலயே பிறந்த குழந்தைங்க, பிறந்த பிறகு மாத்தப்பட்ட குழந்தைங்கள விட அதிகமா பொழைக்கறாங்கங்கறது பல நாட்டுல திரும்பத் திரும்ப பாத்த விஷயம். நம்ம தமிழ்நாட்டுல மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியிலயும் மாவட்ட தலைமை ஆஸ்பத்திரியிலயும் சீமாங் சென்டரும் (24 மணி நேர அவசரப் பிரசவ சிகிச்சை) எஸ்என்சியு வார்டும் (பச்சக்குழந்தைக்கான தீவிர கவனிப்பு) இருக்கு, 2011ல இருந்து நடக்கற ஜேஎஸ்எஸ்கே திட்டத்துல உடம்பு சரியில்லாத பச்சக்குழந்தைக்கு அரசு ஆஸ்பத்திரியில செலவு இல்ல. தனியார்ல எங்ககிட்ட ஒரு நாளைக்கு 15,000ன்னு சொன்னாங்க, தங்கச்சி குழந்தை இருந்த 34 நாளுக்கு கணக்கு போட்டுப் பாருங்க, நடுவுல காசு தீந்து குழந்தைய மாத்தற குடும்பங்கள நான் கண்ணால பாத்திருக்கேன், அந்த மாத்தறதுதான் ரொம்ப ஆபத்து. அரசு ஆஸ்பத்திரியில கூட்டம், கூட வந்தவங்களுக்கு இடம் கிடையாது, ராத்திரி வராண்டாவுல படுக்கணும், அதெல்லாம் உண்மை. ஆனா தினம் ரெண்டு மூணு ஒரு கிலோ குழந்தைய பாக்கற நர்ஸுங்க கையில இருக்கற பழக்கம் காசு குடுத்தாலும் கிடைக்காது. காசு இருக்கறவங்க தனியார் போறதுல தப்பே இல்ல, ஆனா போறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க: வென்டிலேட்டர் இங்கயே இருக்கா, பச்சக்குழந்தை டாக்டர் ராத்திரியும் இருப்பாரா, போன மாசம் ஒன்றரை கிலோவுக்கு கீழ எத்தன குழந்தை இங்க பாத்தீங்க. மூணாவது கேள்விக்கு பதில் சொல்லத் தயங்கினா வண்டிய திருப்புங்க.

சுகப்பிரசவமா சிசேரியனா? ஓட்டம் நின்னு போன கேஸுல சிசேரியன்தான், அந்தக் குழந்தையால ஒவ்வொரு வலியையும் தாங்க முடியாது. ஓட்டம் இருக்கு, 37 வாரம், கிராஃப் நல்லா இருக்குன்னா, வலி வரவழைச்சு கிராஃப் மாட்டிட்டே முயற்சி பண்ணலாம். 28 வாரத்துக்கு கீழ சிசேரியன் பண்ணா சில சமயம் கர்ப்பப்பைய நெடுக்கா கீறுவாங்க, அது அடுத்த பிரசவத்துல ஆபத்து, அடுத்த தடவ கண்டிப்பா சிசேரியன்தான், அதனால எப்படி கீறுனாங்கன்னு டிஸ்சார்ஜ் சீட்டுல எழுதி வாங்கிக்கோங்க.

கடைசி ஓரத்துல இருக்கறவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும், 25, 26 வாரம், 500 கிராம், ஓட்டம் திரும்பி வருதுன்னு சொல்லப்பட்டவங்க. இங்க உடனே எடுக்கறது சிசேரியன் தழும்ப மட்டும் குடுத்துட்டு குழந்தைய குடுக்காம போகலாம். 2007ல வந்த ஒரு ஆய்வு, 604 குழந்தைங்க, அதுல 29 வாரம் வரைக்கும் குழந்தை பெரிய பாதிப்பு இல்லாம பொழைக்கறத வேற எதையும் விட எத்தன வாரம்ங்கறதுதான் தீர்மானிக்குதுன்னு இருந்துச்சு. எடுக்காம விடறதும் பெத்தவங்க எடுக்கக்கூடிய ஒரு முடிவுதான், அது குழந்தைய கைவிடறது இல்ல, அத எடுத்தவங்கள யாரும் கேள்வி கேக்கக் கூடாது. பச்சக்குழந்தை டாக்டரையும் கூட உட்கார வச்சு, உங்க ஆஸ்பத்திரியில இந்த எடையில எத்தன குழந்தை வீட்டுக்குப் போயிருக்குன்னு நேரடியா கேட்டு, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சேந்து முடிவு பண்ணுங்க, சொந்தக்காரங்க அந்த ரூம்ல வேண்டாம்.

என் கடையில தினமும் விக்கற சமாச்சாரத்துக்கு வரேன். அர்ஜினைன் சாஷே, புரோட்டீன் பவுடர், அமினோ ஆசிட் டிரிப், முழு நேரப் படுக்கை. சத்தான சாப்பாடு, இரும்புச்சத்து, ரத்தசோகைய சரி பண்றது எல்லாம் வேணும், அதுல மாத்துக் கருத்தே இல்ல. ஆனா நஞ்சு கெட்டுப் போன பிறகு அம்மா சாப்பிடறது குழந்தைக்கு போய்ச் சேர்ற பாதையே அடைஞ்சிருக்கு, பவுடர் அம்மாவுக்குத்தான் போகும். படுத்தே கிடந்தா வளரும்ங்கறதுக்கு ஆதாரம் இல்ல, கால்ல ரத்தம் கட்டற ஆபத்துதான். சில்டனாஃபில் மட்டும் தனியா சொல்றேன், ரத்தக்குழாய விரிக்கும்னு ரொம்ப நம்பிக்கையா ஆய்வு பண்ணாங்க, குழந்தை வளர்ச்சியில பலன் இல்ல, நெதர்லாந்துல பிறந்த குழந்தைங்களுக்கு நுரையீரல் ரத்தக்குழாய்ல பிரச்சனை வந்து இறப்பும் ஆகி 2018ல பாதியிலேயே நிறுத்தினாங்க. இந்தக் காரணத்துக்கு அந்த மாத்திரை உங்க சீட்டுல இருந்தா எதுக்குன்னு டாக்டர்கிட்ட கேளுங்க. எனக்கு வியாபாரம் போனாலும் பரவால்ல, நாலாயிரம் ரூபாய்க்கு பவுடர் வாங்கறதுக்கு பதிலா அந்தக் காசுல ரெண்டு டாப்ளர் ஸ்கேன் பாருங்கன்னுதான் நான் எல்லார்கிட்டயும் சொல்றேன்.

என் தங்கச்சி 13 நாள் வார்டுல இருந்தா. காலையில என்எஸ்டி (குழந்தையோட இதயத்துடிப்பு கிராஃப்), ரெண்டு நாளைக்கு ஒரு டாப்ளர். ஒவ்வொரு நாள் ராத்திரியும் காலண்டர்ல ஒரு கோடு போடுவா, "அக்கா இன்னைக்கும் ஒரு நாள் சம்பாதிச்சுட்டேன்"பா. 32 வாரம் 6 நாள், ராத்திரி ரெண்டு மணிக்கு கிராஃப்ல துடிப்பு விழ ஆரம்பிச்சுச்சு, நர்ஸ் ஓடி வந்தாங்க, இருபத்தஞ்சு நிமிஷத்துல குழந்தை வெளிய. 1,180 கிராம், பொண்ணு. வீட்ல இருந்திருந்தா அந்த ரெண்டு மணிக்கு நாங்க தூங்கிட்டு இருந்திருப்போம்.

பிறந்த பிறகும் ரெண்டு இடத்துல முடிவு வரும். கண்ணாடிப் பெட்டியிலயே இருக்கட்டுமா, அம்மா நெஞ்சுல வைக்கலாமா. கங்காரு கேர் 1970கள் கடைசியில கொலம்பியாவுல பொகோட்டாவுல டாக்டர் எட்கர் ரே சனாப்ரியா இன்குபேட்டர் பத்தாததால ஆரம்பிச்சது, ரொம்ப நாள் ஏழைங்களுக்கான மாத்துவழின்னு நினைச்சாங்க. 2021ல வந்த ஆய்வு, டெல்லி சஃப்தர்ஜங் ஆஸ்பத்திரியும் அதுல உண்டு, ஒரு கிலோவுல இருந்து 1.8 கிலோவுக்குள்ள உள்ள குழந்தைங்கள, உடம்பு சீராகற வரைக்கும் காத்திருக்காம பிறந்ததுல இருந்தே நெஞ்சோட வச்சாங்க, ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 17 மணி நேரம். இறப்பு 12.0 சதவீதம், வழக்கமான முறையில 15.7. பலன் தெளிவா தெரிஞ்சதால ஆய்வையே முன்கூட்டி நிறுத்திட்டாங்க. அம்மாவால முடியலன்னா பாட்டி, அப்பா, சித்தி, நானும் வச்சிருந்தேன், ஒரு கை அளவு முதுகு, மூச்சு விடறது நம்ம தோல்லயே தெரியும். பெட்டியா நெஞ்சாங்கற கேள்வியே தப்பு, மூச்சு மெஷின் தேவைப்படற நேரம் பெட்டி, மீதி நேரமெல்லாம் நெஞ்சு. இந்தக் குழந்தைங்களுக்கு குளிர் தாங்காது, சர்க்கரை சட்டுனு இறங்கும், முதல் நாள்ல குதிகால்ல குத்திக் குத்தி பாக்கறாங்கன்னு கோவப்படாதீங்க.

பால் விஷயத்துல முன்னாடியெல்லாம் கொடியில ஓட்டம் இல்லாத குழந்தைக்கு குடல் கெட்டுரும்னு அஞ்சாறு நாள் பாலே குடுக்க மாட்டாங்க. இங்கிலாந்து, அயர்லாந்துல 404 குழந்தைங்கள வச்சு பாத்த அடெப்ட் ஆய்வுல ரெண்டாம் நாளே ஆரம்பிச்சவங்க முழுப் பாலுக்கு 18 நாள்ல வந்தாங்க, ஆறாம் நாள் ஆரம்பிச்சவங்க 21 நாள்ல, குடல் பிரச்சனை கூடல. ஆனா எந்தப் பாலுங்கறது முக்கியம், தாய்ப்பால்தான், வரலன்னா பால் வங்கிப் பால், அப்புறம்தான் மாவுப்பால். தங்கச்சிக்கு முதல் நாள் கையால பிழிஞ்சு சிரிஞ்சுல எடுத்தது அரை எம்எல் கூட இல்ல, மஞ்சளா ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, வீணாப் போகுதுன்னு கழுவப் போனா, நர்ஸம்மா பிடுங்கி "இதுக்குத்தான்மா அவ காத்திருக்கா"ன்னு டியூப்ல விட்டாங்க.

34 நாள் கழிச்சு 1,560 கிராமோட வீட்டுக்கு வந்தா. கண்ணு ஸ்கிரீனிங், காது டெஸ்ட் ரெண்டும் தேதி தவறாம பாத்தோம், குறைமாசக் குழந்தைக்கு பார்வை போறது சத்தமில்லாம நடக்கும், அந்தத் தேதிய மட்டும் யாரும் விடாதீங்க. எடை ஏத்தணும்னு பிஸ்கட், மாவுன்னு திணிக்கல, சீராத்தான் ஏத்தினோம்.

அடுத்த குழந்தைக்கு என்ன பண்றதுன்னு நிறைய பேர் கேப்பாங்க. ஒருதடவ நஞ்சால இப்படி ஆனவங்க அடுத்த தடவ 12 வாரத்துலயே டாக்டர்கிட்ட சொல்லணும், ஆஸ்பிரின் ஆரம்பிக்கறதா வேண்டாமான்னு அப்பவே முடிவு பண்ணணும், 16 வாரம் தாண்டி ஆரம்பிச்சா பலன் குறையும். 2017ல வந்த ஆஸ்ப்ரே ஆய்வுல ஆபத்து அதிகம்னு கண்டுபிடிச்சவங்களுக்கு ராத்திரி 150 மில்லிகிராம் குடுத்ததுல, 37 வாரத்துக்கு முன்னாடியே எடுக்க வைக்கற பிரஷர் நோய் 4.3 சதவீதத்துல இருந்து 1.6க்கு இறங்குச்சு. நீங்களா வாங்கிப் போடாதீங்க, அல்சர், ஆஸ்துமா, ரத்தக்கசிவு இருக்கான்னு பாத்துத்தான் குடுப்பாங்க. தங்கச்சிக்கு இப்ப 13 வாரம், ராத்திரி சாப்பிட்டதும் 75 மில்லிகிராம் ரெண்டு, மாத்திரை அட்டைய சாமி படத்துக்கு பக்கத்துல வச்சிருக்கா, பெரியவ தினமும் "அம்மா, மாத்திரை போட்டியா"ன்னு கேக்கறா. இந்த தடவ வளைகாப்பு முடிஞ்சு ஊருக்கு வரல, மெடிக்கல் காலேஜ் பக்கத்துலயே வாடகைக்கு வீடு பாத்தாச்சு, எங்கம்மாதான் அங்க போறாங்க.